தளர்த்துவதும் கழற்றுவதும்

ஒரு பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டாம் முறை எழுத நேர்ந்தால் கையேட்டுக்காரருக்கு மானமே போய்விடும். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியில் ஒரு டம்ளர் பரிசு வாங்கினாராம். அன்று பிடித்த கிறுக்கு. நீராவி இஸ்திரி இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு, வாங்குகிறவர்களுக்கான கையேட்டை மனிதர் காவியமாக எழுதித் தள்ளினார். ஒரு வரியில் குழாய் என்பார், அடுத்த வரியில் அதையே தூம்பு என்பார். படிக்கிறவன் தூம்பைத் தேடி இயந்திரத்தையே கவிழ்த்துப் பார்ப்பான். பார்க்கட்டுமே, அவருக்கென்ன வந்தது?

சோதனைப் பிரிவில் இருந்த அம்மாள் அவர் மேசைக்கே வந்து சொன்னார். "சார், பாய்லர் மூடியைத் தளர்த்துறது வேற, கழட்டுறது வேற. அரைச் சுத்து திருப்பி ஆவியை விடறது தளர்த்துறது. ஆவி எல்லாம் போன பிறகுதான் கழட்டணும். நீங்க மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க."

"ரெண்டும் மூடியைத் திறக்கிறதுதானேம்மா. ஒரே வார்த்தையை மூணு இடத்துல போட்டா படிக்கிறவங்களுக்குச் சலிக்காதா?"

"சலிச்சா சலிச்சுட்டுப் போகட்டும் சார்."

ரசனை கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டார். முதல் இடத்தில் 'தளர்த்தவும்', அடுத்ததில் 'நெகிழ்த்தவும்'. மூன்றாவது, தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிற பகுதி. அங்கே ஓசை நன்றாக இருக்கிறதென்று 'கழற்றவும்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அவர் மனைவி தையற்கடை வைத்திருந்தாள். தொழிற்சாலையில் சலுகையில் கொடுத்த இயந்திரம் அவள் கடையில்தான் இருந்தது. வீட்டுக்காரர் எழுதிய கையேடு என்று அவளுக்குப் பெருமை வேறு. அதை ஒரு தடவை பார்க்காமல் எதிலும் கை வைக்கமாட்டாள். வேலை மும்முரத்தில் தண்ணீர் குறைந்தது. கையேட்டைப் புரட்டினாள், அதில் சொன்னபடியே மூடியைக் கழற்றினாள். சீறி வந்த ஆவியில் வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டார், அது உண்மை. ஆனால் வாய் சும்மா இருக்கவேண்டுமே.

"மொதல்ல கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?"

"நீங்க அப்படி எழுதலையே," என்றாள் அவள். "கழட்டச் சொன்னீங்க, கழட்டினேன்."

நல்லவேளை, டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிடும் என்றார்.

அவள் கேட்டாள். "கத்தரி பிடிக்க முடியுமா டாக்டர்?"

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். இரண்டு மடங்கவில்லை. கையேட்டுக்காரர் முந்திக்கொண்டு, "அதான் ஆறிடும்னு சொல்லிட்டாரே. கை பழையபடி ஆயிடும், இல்லையா டாக்டர்?" என்றார்.

"புண்ணு ஆறிடும்னுதான் சொன்னேன்," என்றார் டாக்டர்.