பிடிமண் கொடுக்க விடாத கை

சுப்பையா போயிட்டான்... இன்னிக்குக் காலையில.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன்ல மைக்கை அமுக்கிப் பேசுறேன், அதுவா எழுதிக்கிருது. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

அவன் வீட்டு வாசல்ல பெரிய பிளெக்ஸ். சுப்பையா போட்டோ சின்னதா, அவங்க அப்பா ஹவில்தார் வெள்ளச்சாமி ரெண்டு மெடலோட பெருசா. கீழ கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு அந்தக் காலத்து ஊர்த்தலைவரோட பேரன். 'வீரப் பரம்பரை'ன்னு போட்டிருக்காம்.

மொகத்தத் திருப்பிக்கிட்டு உள்ள போனேன்.

ரெண்டு உலகச் சண்டையும் பாத்த மனுசன் வெள்ளச்சாமி மாமா. ரெண்டாவது சண்டையில லீவுல வந்தவர ஆலங்குடி சந்தையில மேடையேத்தி, மாலை போட்டு, "எங்க ஊரு சிங்கம்"னு காட்டித்தான் தலைவர் பட்டாளத்துக்கு ஆள் சேத்தாரு.

திரும்பிப் போனவரு, குண்டு விழுந்த எடத்துலேருந்து ஆளுகள இழுத்துப் போட்டாராம். அதுல வலது கையில ரெண்டு வெரல் போச்சு. அதுக்குத்தான் ரெண்டாவது மெடல்.

சண்டை முடிஞ்சு வந்தாரு. அப்ப நானும் சுப்பையாவும் சின்னப் புள்ளைக. அய்யனாருக்குக் குதிரை எடுப்பு. கொளத்து மண்ணுல ஒரு பிடி அள்ளி, மண்குதிரை செய்யிற வேளார் கையில கொடுக்கணும். அந்தப் பிடிமண் கொடுக்கிறது மாமா வீட்டு உரிமை.

குனிஞ்சு அள்ளிட்டாரு. தலைவர் தடுத்தாரு.

"தப்பா எடுத்துக்காத வெள்ளச்சாமி. கொறக் கையால மண்ணு கொடுத்தா சாமி குதிரையும் கொறையாத்தான் வரும்."

"இந்தக் கைக்குத்தாங்க வெள்ளக்காரக மெடலு கொடுத்தாக."

"அப்ப அவுகளுக்கே போயி மண்ணெடுத்துக் குடு!" கூட்டத்துல ஒருத்தன். எல்லாரும் சிரிச்சானுக.

மாமா மண்ணக் கீழ போட்டாரு. தலைவரே அள்ளிக் கொடுத்தாரு.

மறுநாள் மாமா வீட்டு ஆட்டுக்கெடா கழுத்துல ரெண்டு மெடலும் தொங்குது... கெடா தெருவெல்லாம் மேயுது. தலைவர் வந்து கத்துனாரு.

"அதுக்கு நாலு காலும் சரியா இருக்குங்க. அடுத்த தடவை அதக் கூப்பிட்டுக்கங்க"ன்னாரு மாமா.

அந்த உரிமை திரும்பி வரவே இல்ல. ஒவ்வொரு எடுப்புக்கும் சுப்பையா வெள்ளை வேட்டி கட்டிக் கொளத்தங்கரையில போயி நிப்பான். ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.

இன்னிக்குக் குழிக்குள்ள எறக்குனதும் தலைவர் பேரன் முண்டியடிச்சு முன்னால வந்தான். மொதப் பிடி மண்ணு அவன்தான் போடணுமாம். போட்டோ வேற.

கிட்டப் போயி அவன் கையப் பாத்தேன். பத்து வெரலும் சரியாத்தான் இருந்துச்சு.

தூ...

போயிட்டு வாடா சுப்பையா. ஒங்கப்பாவப் பாத்தா, அந்தக் கெடாவ நான் கேட்டேன்னு சொல்லு.