ஐந்தில் ஒரு பங்கு

மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அஞ்சிலொண்ணு. முகத்துக்கு நேரே டீச்சர். முதுகு திரும்பினால் அஞ்சிலொண்ணு. அவளுக்கும் தெரியும். ஒருமுறை கழிப்பறைச் சுவரில் 1/5 என்று கரியால் எழுதி, மேலே ஒரு கொண்டையும் வரைந்திருந்தார்கள். கொண்டை சரியாகவே இருந்தது.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் அறிவியல் முறை. உற்றுநோக்கல், வினா, கருதுகோள், சோதனை, முடிவு. படிகளை விளக்க ஒரு சோதனை கொடுத்திருந்தார்கள். தட்டில் மை கலந்த நீர். நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. அதன்மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், நீர் ஜாடிக்குள் ஏறும். ஜாடியின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் என்றது புத்தகம். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்.

நீர் அப்படியெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. சில நாள் கால் பங்குக்கு மேல் ஏறும். சில நாள் அசையவே யோசிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி விட்ட பிறகும் அவள் அந்த ஜாடியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். காரணம் அப்போதே பிடிபட்டுவிட்டது. ஜாடியை மெல்ல இறக்கினால், விளிம்பு நீரைத் தொடுவதற்கு முன்பே உள்ளிருக்கும் காற்று சுடரின் சூட்டில் விரிந்து ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த இடத்துக்குத்தான் நீர் வருகிறது. ஆக்சிஜனுக்கும் இதற்கும் பெரிய ஒட்டுறவு இல்லை.

இதை ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிப் பார்த்தாள். பயிற்சி கொடுத்தவர் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"அம்மா தாயே, அஞ்சில ஒரு பங்குன்னு எழுதினாத்தான் மார்க்கு. பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுடாதீங்க."

அதற்கப்புறம் அவள் கையைப் பழக்கிக்கொண்டாள். ஜாடியின் மேல் காகிதப் பட்டைகள் ஒட்டி ஐந்தாகப் பிரித்தாள். எந்த வேகத்தில் இறக்கினால் நீர் முதல் பட்டையில் வந்து நிற்கும் என்பது மணிக்கட்டுக்கே புரிந்துவிட்டது. சற்றுக் கூடிப்போனாலும் பாதகமில்லை. சரிபார்ப்பதுபோலக் குனிந்து விளிம்பை ஒரு நூலளவு தூக்கினால் ஒரு குமிழி உள்ளே போகும், நீர் இறங்கும். வேறு பள்ளி ஆசிரியர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்களுக்கெல்லாம் தண்ணி காட்டுது. உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் அளவா நிக்குது?"

"கைராசி," என்பாள்.

கணக்கு டீச்சர் மட்டும் விடமாட்டாள். "உங்க பாடத்துல தீர்ப்பை எழுதி வெச்சுட்டுத்தானே சாட்சியைக் கூப்பிடுறீங்க?"

"உங்க பாடத்துல மட்டும் என்னவாம்? பின்பக்கம் விடை போட்டிருக்கே."

"நாங்க ஒளிவு மறைவு இல்லாம பின்பக்கம் பார்ப்போம்."

ஆய்வகம் என்பது பழைய சாமான் அறை. உடைந்த பெஞ்சுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் ஜன்னலோரம் அடுக்கியிருந்ததால் ஜன்னல் திறக்காது. சுடர் ஆடாமல் நிற்க அது வசதி. அவள் குடியிருந்த மாடி அறையும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே ஜன்னல் திறந்தது; திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் இரண்டு புடவை. வீட்டுக்காரம்மா ஒவ்வொரு வருஷமும், "இந்த வருஷமாவது போயிடுவியாம்மா? வேற ஆளுக்குச் சொல்லணும்," என்று கேட்பாள். கேட்பதில் தவறில்லை.

கணவனுக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்திலிருந்த நகரத்தில், நீரேற்று நிலையத்தில் வேலை. மகனை நாத்தனார் வளர்த்தாள். மாதத்துக்கு இரண்டு முறை இவள் போவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன் கேட்பான்: "எப்பம்மா திரும்பிப் போவ?" கோபமெல்லாம் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல, தெரிந்துவைத்துக்கொள்ள. போன தடவை அவனுக்குக் காய்ச்சல். தூக்கத்தில் தண்ணீர் கேட்டான். இவள் டம்ளரோடு போய்க் குனிந்தாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "அத்தை இல்லையா?" என்றான். நாத்தனார் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மாதான்டா. குடிடா கண்ணு." அந்தக் குரலில் இவளுக்காக இருந்த இரக்கத்தை இவளால் தாங்க முடியவில்லை.

மாறுதல் கேட்பதும் அது தள்ளிப்போவதும் ஆண்டுதோறும் நடந்தது. உன் இடத்துக்கு ஆள் இல்லை என்பார்கள். இந்த வருஷம் ஆள் கிடைத்தது. கல்வி அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"அதிகாரி நாளைக்கு வரார் டீச்சர். உங்க வகுப்பைப் பாத்துட்டு இங்கேயே கையெழுத்துப் போடறேன்னிருக்கார். அடுத்த வாரம் மாறுதலுக்கெல்லாம் தடை வருது. இப்ப விட்டா இந்த வருஷமும் கோவிந்தா."

"எந்தப் பாடம் சார்?"

"வேற எது? உங்க மெழுகுவர்த்திதான். அந்தப் பாடமே அவர் எழுதினது. அதைத்தான் பாக்கணும்னு கேட்டிருக்கார். ஏடாகூடமா எதுவும் ஆயிடாம பாத்துக்குங்க."

அன்று பிற்பகல் ஒத்திகை. பெரிய ஆட்கள் வரும்போது அந்தப் பள்ளியில் ஒரு ஏற்பாடு உண்டு. கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவள் வலக்கை, தெரியாதவள் இடக்கை. டீச்சர் வலக்கைகளில் ஒன்றைக் காட்டுவாள். வந்தவர் கண்ணுக்கு வகுப்பே ஒரு கரும்புக் காடு மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

"எனக்கு இடது கைப் பழக்கம் டீச்சர்," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"எழுதறதுக்குத்தானேடி? தூக்கறதுக்குமா?"

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் ஏணி மட்டும் சிரிக்கவில்லை. உயரத்தினால் வந்த பெயர். தச்சரின் மகள். கரும்பலகையை மறைக்கிறாள் என்று முதல் வகுப்பிலிருந்தே கடைசி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவள்.

"கேள்வி இருந்தா எந்தக் கை டீச்சர்?" என்றாள்.

"நாளைக்குக் கேள்வி கிடையாதும்மா. பதில் மட்டும்தான்."

மறுநாள் அதிகாரி வந்தார். முன்னால் போட்டிருந்த நாற்காலி வேண்டாமென்று சொல்லி, வகுப்பு முழுவதும் தெரிய வேண்டும் என்று கடைசி பெஞ்சில் ஏணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் கதவோரம் நின்றார். அவள் படிகளைக் கரும்பலகையில் எழுதினாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஜாடியை இறக்கினாள். சுடர் சுருங்கி அணைந்தது. நீல நீர் மெல்ல ஏறி, சொல்லி வைத்தாற்போல முதல் பட்டையில் நின்றது. அதிகாரியின் முகம் மலர்வதை அவள் அங்கிருந்தே பார்த்தாள்.

"நீர் ஏன் ஏறியது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"அடேயப்பா, எல்லாருக்கும் தெரியுதே," என்றார் அதிகாரி. "இந்தப் பொண்ணைக் கேளுங்க. ரொம்ப நேரமா தூக்கிட்டே இருக்கா."

ஏணியின் இடக்கை உத்தரத்தைத் தொடுவதுபோல நின்றிருந்தது. எழுந்தாள்.

"எனக்குப் பதில் தெரியாது சார். கேள்விதான் இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அதிகாரிக்கு அது பிடித்துப்போயிற்று.

"கேள்விதானே ரெண்டாவது படி! கேளு, கேளு."

"ரெண்டு மெழுகுவர்த்தி வெச்சா எவ்வளவு சார் ஏறும்?"

"நீ என்ன நினைக்கிற?"

"ஜாடி அதேதான். உள்ள இருக்கற ஆக்சிஜனும் அதேதான். அதே அளவுதான் ஏறணும். ஆனா நான் வீட்ல செஞ்சப்ப கூட ஏறுச்சு."

"வீட்ல எதுல செஞ்ச?"

"பழைய பாட்டில் சார்."

அதிகாரி சிரித்தார். "பாட்டில்ல எல்லாம் செஞ்சா அப்படித்தான். டீச்சர், ரெண்டு வெச்சே காட்டிடுங்க. சந்தேகத்தோட போக வேண்டாம்."

அவள் இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் உருகலிலேயே தட்டில் நிறுத்தினாள். இரண்டு சுடருக்கு மேல் ஜாடியைப் பிடித்தாள். கண்ணாடி வழியாக உள்ளங்கைக்குச் சூடு வந்தது. சும்மா இறக்கினால் போதும், கையை அதன்பாட்டில் விட்டால் போதும். நீர் இரண்டாவது பட்டையைத் தொட்டுவிடும். கடைசி பெஞ்சில் ஒரு பெண் வாயைப் பிளப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தான் எழுதிய பாடம் முப்பது பேருக்கு முன்னால் குப்புற விழுவதைப் பார்ப்பார். பிறகு பேனாவை எடுப்பாரா?

சட்டென்று இறக்கினாள். சுடர்கள் அணைந்தன. நீர் ஏறியது. அப்படியும் பட்டையைத் தாண்டிவிட்டது. சரிபார்ப்பதுபோலக் குனிந்தாள். ஒரு குமிழி போயிற்று.

"போம்மா, நீயே போய்ப் பாத்துச் சொல்லு," என்றார் அதிகாரி.

ஏணி முன்னால் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"முதல் பட்டை சார்."

"அப்போ?"

"நான் வீட்ல தப்பா செஞ்சிருக்கேன் சார்."

தலைமையாசிரியர் கை தட்டினார். வகுப்பும் தட்டியது.

அறைக்குக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அதிகாரி. "இன்னிக்கே விடுவிச்சுடுங்க. நாளைக்கு யார் எந்தத் தடையைக் கொண்டுவருவாங்கன்னு சொல்ல முடியாது," என்றார் தலைமையாசிரியரிடம். பிறகு அவளைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு நல்ல பாடம். செய்யறதை ஒழுங்கா செய்யணும்ல?"

"ஆமா சார்."

வராந்தாவில் நின்று கணவனைக் கூப்பிட்டாள். பின்னால் பம்ப் ஓடும் சத்தத்தில் அவன் கத்தினான்.

"நெசமாவா? விளையாடாதே."

"நெசம்தாங்க. சாயங்காலம் பஸ் ஏறிடுவேன்."

"அவன்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே வந்து சொல்றேன்."

ஃபோனை வைத்த பிறகும் மகிழ்ச்சி வரவில்லை. பஸ்ஸில் ஏறினால் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிள்ளைங்ககிட்ட இப்ப சொல்லிக்காதீங்க டீச்சர். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிடுவாங்க. அவர் இன்னும் மத்த வகுப்பெல்லாம் பாக்கணும். கடைசி பீரியடை எடுத்துட்டுச் சத்தம் போடாம கிளம்புங்க."

கடைசிப் பீரியடும் எட்டாம் வகுப்புதான். அடுத்த வகுப்புக்கும் இதற்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு மரத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் அதிகாரி யாரையோ வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் கேட்கும். பாடத்தைத் திருப்பிப் படிக்கச் சொல்லிவிட்டு அவள் மேஜை டிராயரிலிருந்து தன் சாமான்களை எடுத்துப் பையில் வைத்தாள். கத்தரிக்கோல், சீப்பு, தலைவலி மாத்திரை.

ஏணி எழுந்து நின்றாள்.

"நான் எங்க தப்பு பண்ணினேன் டீச்சர்?"

"உட்காரு."

"பாட்டில் தப்பா டீச்சர்?"

"மெதுவா இறக்கியிருப்ப." வாய் தவறி வந்துவிட்டது. பொய்யும் இல்லை.

"ஆமா டீச்சர், மெதுவாத்தான் இறக்கினேன்." ஏணி உட்காரவில்லை. "மெதுவா இறக்கினா ஏன் கூட ஏறணும்?"

தட்டிக்கு அப்பால் வாய்ப்பாடு நின்றது. அதிகாரி தொண்டையைச் செருமினார். அவள் பையின் ஜிப்பைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணும் பாத்தேன் டீச்சர். எரியறப்ப தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்சப்புறம்தான் சர்ருன்னு ஏறுச்சு. காலையில நீங்க செஞ்சப்பவும் அப்படித்தான். ஆக்சிஜன் தீர்ந்துக்கிட்டே வந்தா எரியும்போதே ஏறணும்ல?"

இத்தனை வருஷத்தில் ஒரு மாணவி இந்த இடத்துக்கு வந்ததில்லை. ஒரு சொல் போதும். சூடு என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவளே பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். துள்ளுவாள், கத்துவாள், தட்டியைத் தாண்டிக் கேட்கும். கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்க அந்த மனிதருக்குப் பத்து அடிகூட நடக்க வேண்டியதில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

வகுப்பில் ஒரு சலசலப்பு. "டீச்சருக்கே தெரியலையாம்டி," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"உங்களுக்குமா தெரியாது?" ஏணியின் முகத்தில், அவள் எதிர்பார்த்த ஏமாற்றம் இல்லை. பெரிய ரகசியம் ஒன்றில் பங்கு கிடைத்ததுபோல இருந்தது.

"தெரியாது."

"அப்போ இன்னிக்குச் சாயங்காலம் மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு வந்து சொல்றேன் டீச்சர். நாளைக்கு முதல் பீரியட் நீங்கதானே?"

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நான்தான்," என்றாள். "உட்காரு."