கொல்லிமலைக்கு ஏறிய கடல் சேறு

கடலடிச் சேற்றை அள்ளும் வேலையில் முதலில் வருவது வாந்தி, அடுத்தது நாற்றம், சம்பளம் மூன்றாவதாகத்தான் வரும். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமானை நம்பிப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் என் பாடு சொல்லாமலே புரியும். நான் கொல்லிமலையில் அரியூர் நாட்டுக்காரன். பத்தொன்பது வயதுவரை கடலையே பார்த்ததில்லை. கடலோரத்து மீன் ஆராய்ச்சி ஆபீசில் தற்காலிக உதவியாள் வேலை கிடைத்து மலையிறங்கினேன்.

ஆறு வராத வருஷம்

அந்த வருஷம் மழையில்லை. ஆற்றுத் தண்ணீர் கடலை எட்டவேயில்லை. ஆனாலும் காற்றுக் காலம் முடிந்ததும் கரையோரக் கடல் பச்சைப் பசேலென்று மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பாசி கோடி கோடியாய்ப் பெருகியிருக்கிறது என்றார் எங்கள் அதிகாரி. ஆறு கொண்டுவராத உரம் அதற்கு எங்கிருந்து வந்தது? செத்ததெல்லாம் அடிச்சேற்றில் விழுந்து மக்கிக் கிடக்கிறது, காற்றடித்து அலை கலக்கும்போது அந்தச் சத்து மேலே வருகிறது என்பது அவருடைய சந்தேகம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படகிலிருந்து இரும்புச் சட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். கருஞ்சேறு வந்தது. நானோ படகோரத்தில் தலையைத் தொங்கப் போட்டிருந்தேன். படகுக்காரர் ஒரு கையில் கயிற்றையும் மறுகையில் என் சட்டையையும் பிடித்தபடி சொன்னார்: “இந்த அடி கலங்கினாத்தான் தம்பி மீன் வரும், எங்க வீட்டு அடுப்பும் எரியும்.”

மடியில் இரண்டு ஜாடி

சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க அதிகாரி இரண்டு கண்ணாடி ஜாடி தயார் செய்தார். இரண்டிலும் துணியில் வடிகட்டிய ஒரே கடல் தண்ணீர். ஒன்றின் அடியில் மட்டும் சேறு. தினமும் வெயிலில் வைத்து, நிறத்தை நோட்டில் குறிக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஆபீஸ் கூரையைப் பிரித்தார்கள். அதிகாரியும் வெளியூர் கிளம்பிவிட்டார். ஜாடிகளை ஊருக்கே கொண்டுபோகச் சொன்னார்; இது சரியாக வந்தால் என் வேலையை நிரந்தரமாக்க எழுதுவதாகவும் சொன்னார். வைக்கோல் திணித்த கூடையை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் நானும் குலுங்கினேன்.

மலையடிவாரத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார். மதுவிலக்குக் காலம் அது. தெளிந்த ஜாடியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளங்கையில் நாலு சொட்டு வாங்கி நக்கினார். துப்பிவிட்டு, ஜாடியைத் திருப்பித் தந்தார். “ஏனுங்க தம்பி, உப்புத்தான் சந்தையில விக்குதே, இதையுமா மலைக்குத் தூக்குவாங்க?”

கடல் பார்க்க வந்தவர்கள்

ராகி காயப்போடும் பாறையில் ஜாடிகளை வைத்தேன். ஊரே வந்தது. ஆறாம் நாள் சேற்று ஜாடியில் இளம் பச்சை தெரிந்தது. எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மற்ற ஜாடி பளிங்காகவே இருந்தது. ஓடி ஓடி எல்லோருக்கும் காட்டினேன். எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டிலிருந்து நடந்தே வந்த ஒரு அம்மாள் ஜாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “கடல் ஓயாம சத்தம் போடும்னாங்களே, இது ஊமைக் கடலுங்களா சாமி?”

மாமாவின் நியாயம்

ஒன்பதாம் நாள் காலை, இரண்டாவது ஜாடி தெளிவாக இருப்பதை எழுதிவிட்டு ஓடைக்குக் குளிக்கப் போனேன். திரும்பினால் அதன் அடியில் ஒரு கைப்பிடிச் சேறு. பக்கத்தில் என் அக்கா கணவர் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நெல் வயலில் உரம் போட்டுப் பழகிய கை. தன் வயல் வண்டலையே அள்ளிப் போட்டிருக்கிறார். என் வேலை போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். ஜாடி வழியில் உடைந்துவிட்டதாகச் சொல்லிவிடும்படி யோசனையும் அவரே சொன்னார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றதற்கு மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. “ஒரே தண்ணி, ஒண்ணுக்குச் சோறு, ஒண்ணுக்குப் பட்டினி, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுங்களா மாப்ள?”

நோட்டு

பதினாலாம் நாள் அதுவும் பச்சை. பயத்திலும் அந்தப் பச்சை அழகாயிருந்ததை என்னவென்று சொல்ல! நடந்ததை நடந்தபடியே நோட்டில் எழுதிக் கொண்டுபோனேன்.

இரண்டு பச்சை ஜாடியையும் கண்டதும் அதிகாரியின் முகம் சுருங்கியது. நோட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். நோட்டைப் புரட்டினார். ஒன்பதாம் நாளில் நின்றார். பக்கங்களில் முன்னே போனார், பின்னே வந்தார், நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். வயல் சேறும் கடல் சேறும் ஒன்றா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, பேனாவை எடுத்தார். “அதே ஜாடி, அதே தண்ணி, அதே வெயில், சேறு விழுந்த பிறகுதானே பச்சை வந்திருக்கு. உங்க மாமா இன்னும் என்னென்ன செய்வார்?”

என் வேலை நிரந்தரமானது, அதற்காக நான் செய்த ஆராய்ச்சி, ஒன்பதாம் நாள் சரியான நேரத்தில் குளிக்கப் போனதுதான்.