அக்கா சிங்கப்பூரிலிருந்து பேசினாள்

ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, பேசத் தொடங்கும் முன் ஒருமுறை கர்ர் என்று தொண்டையைச் செருமிக்கொள்ளும். நேற்று சிதம்பரம் தெற்கு வீதியில் அந்தக் கர்ர் கேட்டதும், கையில் கொத்தமல்லிக் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். விமான நிலையத்தில் வேலை, ஆறே மாதப் பயிற்சி, நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனாள். யார் பெற்ற பிள்ளையோ. நான் காத்து நின்றது வேறு குரலுக்கு.

அந்தக் குரல் ஊரைச் சுற்றிய காலத்தில் எனக்கு ஒன்பது வயது. செம்மண்டலத்தில் அம்மா, அப்பா, அக்கா, நான். பன்னிரண்டாவது முடித்த அக்கா, கடலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த நர்ஸிங் பள்ளியில் சேர்ந்தாள். தினமும் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டாள். ஊசி போடக் கத்தரிக்காயில் பழகினாள். அந்த நாட்களிலெல்லாம் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புதான்.

பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரல் அவளுக்கு. பள்ளியை நடத்திய பெரிய சார் அதைக் கண்டுபிடித்து, விளம்பரம் பேசச் சொல்லி, சிதம்பரத்தில் கேசட் பதிகிற ஒரு கடைக்கு அழைத்துப் போனார். வயசுப்பெண்ணைத் தனியே அனுப்பக்கூடாதாம், துணைக்கு நான். கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சுகூட விடாதே என்றார் என்னிடம். அக்கா கையிலிருந்த தாளில், நான் இங்கே படித்தேன், இப்போது சிங்கப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று இருந்தது.

"நான் இன்னும் போகலியே சார்" என்றாள் அக்கா.

"போகத்தான போற. ரெண்டு மாசம் முன்னாடி சொல்லிட்டா குத்தமா?"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பட்டதென்ன, படிக்கப் படிக்க அவள் முகம் கடல் தாண்டிவிட்டது. தாளில் இல்லாததையும் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்: "அம்மா, நான் இங்க நல்லா இருக்கேன். பாப்பாவ அடிக்காத." பெரிய சார் கைதட்டினார். பாப்பா நான்தான்.

அதற்குப் பிறகு பண்ருட்டிப் பலாப்பழ லாரிகளுக்கு நடுவிலெல்லாம் அந்தக் குரல். எங்கள் தெருவுக்கும் வந்தது. வாசலில் அக்கா சிங்கப்பூரிலிருந்து பேசுவாள், கொல்லையில் அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பாள். "ஏண்டி, சிங்கப்பூர்ல தண்ணி லாரி வந்துச்சா?" என்பாள் எதிர்வீட்டு அத்தை. பள்ளிக்கூடத்தில் என்னை அடிவாங்கிப் பாப்பா என்றார்கள். பெருமையாக ஒத்துக்கொண்டு, முக்கு திரும்பும்வரை ஆட்டோவின் பின்னாலேயே ஓடுவேன்.

பயிற்சி முடிந்து வேலை கேட்கப் போன ஆஸ்பத்திரியில், இந்தப் படிப்புக்கு அங்கீகாரமே கிடையாதேம்மா என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இடத்திலும் அதே பேச்சு. சிங்கப்பூர் எங்கே ஓடிப்போகிறது என்றாராம் பெரிய சார். கேசட்டையாவது நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டுத்தானே பெண்கள் வருகிறார்கள் என்றாராம்.

ஒருநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் அக்கா ஏதோ விசாரிக்க, பக்கத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி சட்டென்று திரும்பினாள். கூடவே அவள் மகள், புத்தம்புது வெள்ளைப் புடவையில்.

"இந்தக் குரலு... சிங்கப்பூரு பொண்ணுதான நீ? எப்பம்மா வந்த, லீவா?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க சேக்காதீங்கம்மா."

"சேத்துட்டமே. அம்மாவ நெனச்சுப் பேசுனியே, அதக் கேட்டுத்தான்." சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். "இதான் பாப்பாவா? அம்மா இப்ப அடிக்கிறது இல்லையே?"

இல்லை என்று தலையாட்டிச் சிரித்தேன். இவ்வளவு பிரியமாக விசாரிக்கிறார்கள், அக்கா எதற்கு அழுகிறாள் என்று விளங்கவில்லை.

அதன்பிறகு கடைக்குப் போனால் அக்கா வாய் திறக்காமல் விரலால் காட்டித்தான் எதையும் வாங்கினாள். தை பிறந்ததும், சென்னையில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கிளம்பினாள். அவள் போன பின்னும் ஆட்டோ வந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள். நான் ஓடுவேன், 'பாப்பாவ அடிக்காத' வருகிற வரைக்கும். பிறகு ஒருநாள் பள்ளியே பூட்டிக்கிடந்தது. கேசட் எந்தக் குப்பையில் போனதோ.

அக்கா இன்றும் போனில் பேசுகிறாள். பேரனுக்கு இருமல், அவளுக்கு முழங்கால் வலி, வச்சிடவா. அளந்த பேச்சு. மின்விசிறி நின்றுபோன அறையில் பேசிய அந்தப் பெண் அவளுக்குள் எங்கேயோ இருப்பாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவாள் என்றுதான் தெரியவில்லை.

அன்று, கிளம்பிய நாளில், சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா வரவில்லை, அழுதபடி வாசலோடு நின்றுவிட்டாள். அப்பா பிஸ்கட் வாங்கப் போயிருந்தார். வண்டி இன்னும் நகரக்கூட இல்லை. கம்பிக்கு இந்தப்பக்கம் என் விரலைப் பிடித்துக்கொண்டு, கேசட்டில் கேட்ட அதே குரலில் அக்கா சொன்னாள். இன்னும் போகவே இல்லையே, அதற்குள் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் அங்க நல்லா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடு பாப்பா."