ரொக்கியா அக்காவின் ஆறு கியர் கார்

மலேசியாவின் வடக்கு மலைச்சாலையில், கிரிக்கிலிருந்து ஜெலி வரைக்கும் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணை அலங்கரிக்க ரொக்கியா அக்காதான் போவார். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய கார், இரண்டே இருக்கை கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பக்கத்து இருக்கையில் அலங்காரப் பெட்டிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். மீட்டர் நாலு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

போன மார்ச்சில், மலையேறும்போது மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. கியர்க் கம்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே நான் மெக்கானிக்காக இருக்கும் பட்டறை வரை ஓட்டி வந்துவிட்டார். முதலாளி தெய்க் ஹின் கியர்பாக்ஸைத் திறந்தார். பற்கள் மழுங்கிக் கிடந்தன.

"அக்கா, இதை வித்துட்டு ஒரு வேன் வாங்குங்க. பெட்டியெல்லாம் காலை நீட்டிப் படுத்துக்கும்."

"உன் பொண்டாட்டியும்தான் பழசாயிட்டா. வித்துடுவியா?"

காப்பி கொண்டுவந்த முதலாளியின் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டார். அத்தோடு வேன் பேச்சு முடிந்தது.

ஆறு கியர் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதன் இழுவையைப் பழைய பின்பக்கம் தாங்காதென்று பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலையும் ஆக்சில்களையும் மாற்றினோம். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரம் வரை நடுவில் ஓடும் ஷாஃப்டின் நீளம் பொருந்தவில்லை. நான்தான் அதை வெட்டி வெல்டு வைத்தேன். முதலாளிக்கு அதுவும் போதவில்லை. ரேஸ் காருக்குப் போடுகிற கிளட்சையும் மாட்டினார்.

"இனி யானையைக் கட்டி இழுத்தாலும் வழுக்காது!"

இரண்டு வாரம் கழித்து, புது பாக்ஸில் எண்ணெய் மாற்ற அக்கா வந்தார்.

"வண்டி எப்படிக்கா?" என்றார் முதலாளி.

"பறக்குது தம்பி."

ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கை முன்னால் தள்ளியிருந்தது, முதுகுக்கு ஒரு தலையணை. அவரே உட்கார்ந்து கிளட்சை நாலு தடவை மிதித்தார். பெடல் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. முகம் மாறியது.

"முட்டி வலிக்குதா?"

"நீ ஆசையாப் போட்டது. அதைப் போய் எப்படிக் குறை சொல்றது?"

முதலாளி காரைவிட்டு இறங்கினார்.

"காருக்குப் பார்த்தேன். உங்க காலுக்குப் பார்க்கலை. என் தப்புதான்கா."

அப்போதே காரைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை மறுபடி இறக்கினோம். அக்கா டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டபடி, "மெதுவாடா, கீறிடாதே" என்று எங்களை விரட்டிக்கொண்டே இருந்தார். மாலைக்குள் மிதமான கிளட்ச் ஒன்று ஏறியது.

ஓட்டிப் பார்க்க என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். தெமெங்கோர் ஏரிப் பக்கம் மலை வளைவில் நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றினார். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நான் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

"பயமா இருக்காடா?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றவர், அடுத்த வளைவை இன்னும் வேகமாகத் திருப்பினார்.