நாகலூர் பஸ்ஸின் இடப்பக்க ஜன்னல்

போன வாரம் சேலம் கடைவீதியில் ஒரு ஆரஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்தேன். முகர்ந்து பார்த்துப் பழம் வாங்குகிறவர்களைக் கடைக்காரர்களுக்கு எப்போதுமே பிடிப்பதில்லை. பழத்தின் மேல் ஏதோ ஒரு தேசத்துப் பெயர் போட்ட ஸ்டிக்கர். மெழுகு பூசிய மாதிரிப் பளபளப்பு. வாசனை என்று ஒன்றுமே இல்லை. "அது இம்போர்ட்டுங்கம்மா. மோந்து பாத்தா ஒன்னும் தெரியாதுங்க, சாப்புட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து உரித்தேன். நகம் தோலில் இறங்கியதும் சாறு தெறித்துக் கண்ணில் பட்டது பாருங்கள், அந்த எரிச்சலோடுதான் வாசனை வந்தது. அதற்கப்புறம் எந்த வேலையும் ஓடவில்லை. சுளைகளைத் தட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அத்தாவின் கடை முழுக்க இந்த வாசனைதான். ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட கடை. மிளகு, காப்பித்தூள், தேன், தைலம். சீசனில் கமலா ஆரஞ்சு. கரடியூர்ப் பக்கத்து விவசாயிகள் கூடையில் சுமந்து வருவார்கள். "ஏனுங்க ராவுத்தரே, இந்தத் தடவ நொம்ப இனிப்புங்க. ஒரு சொளைய வாயில போட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்பார் கூடைக்காரர். அத்தா வாயில் போட்டுக்கொண்டு, தேனாக இனித்தாலும் புளியங்காயைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். வியாபாரமாம். அந்த முகத்தைப் பார்த்துக் கூடைக்காரரே சிரித்துவிடுவார். பிறகு மரங்களுக்கு நோய் வந்தது. தோட்டம் தோட்டமாகக் காய்ந்து போயிற்று. இப்போது ஏற்காட்டிலேயே சேலத்திலிருந்து ஏற்றி வந்த ஸ்டிக்கர் பழம்தான் விற்கிறார்கள். சொல்லி என்ன ஆகப் போகிறது.

கல்லாவுக்கு மேலே ஒரு காலண்டர் படம் தொங்கும். தேதித் தாள்கள் தீர்ந்து எத்தனையோ வருஷமான பிறகும் அத்தா அதைக் கழற்றவில்லை. காடு மாதிரித் தூண்கள், அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள்.

"இது குர்துபா கண்ணு. ஸ்பெயின் தேசத்துல இருக்குது. நம்ம சனம் கட்டுன பள்ளிவாசல். இப்ப சர்ச்சு ஆயிப்போச்சு."

"தூரமா அத்தா?"

"நொம்ப தூரம். அடிவாரத்துல இருந்து பஸ்ஸு கெடையாது."

சேலம் பக்கம் மலைப்பாதை தொடங்குகிற இடம்தான் அடிவாரம். அங்கிருந்து பஸ் போகாத ஊர் உலகத்தில் இருக்கும் என்று நான் நம்பாத வயது அது.

அத்தாவுக்குப் பழைய கட்டடம் என்றால் பைத்தியம். மூடுபனி இறங்கி டூரிஸ்ட் வராத மத்தியானங்களில் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, "வா கண்ணு, சரித்திரம் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிடுவார். அவர் சொன்ன சரித்திரம் அத்தனையும் புளுகு. எஸ்டேட்டுக்குள் இடிந்து கிடந்த ஒரு பங்களாச் சுவரைக் காட்டி, இந்தச் சுவருக்குள்ளே துரையின் பியானோ இருக்கிறது, மழை பெய்தால் தானாக வாசிக்கும் என்றார். நான் அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லி, டீச்சரிடம் குட்டு வாங்கினேன். அத்தாவிடம் வந்து அழுதேன். "அந்தம்மா மழையில போயிக் கேட்டிருக்க மாட்டாங்க, வேறென்ன" என்றார் அசராமல்.

அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். பாசி படிந்த கற்கள், சாய்ந்துபோன சிலுவைகள். அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தோளில் கிடக்கும் துண்டால் கல்லைத் துடைத்துவிட்டு என்னைப் படிக்கச் சொல்வார். எனக்கும் அரைகுறைதான். எலிசா என்று ஒரு குழந்தையின் கல் இருந்தது. அதை மட்டும் தடுமாறாமல் படித்துவிடுவேன்.

"சத்தமா படி கண்ணு. யாரு பெத்த புள்ளையோ, எங்கிருந்தோ வந்து இந்தக் குளுருல படுத்துக் கெடக்குது. பேரையாச்சும் ஒருத்தர் கூப்புடோணுமில்ல?"

"நம்மாளுங்களுக்கும் இப்படி வைப்பாங்களா அத்தா?"

"நமக்கெதுக்கு சாமி கல்லும் பேரும்? அதெல்லாம் பெருமை. மண்ணுக்குள்ள போனா மண்ணுதான்."

அவர் ஆசைப்பட்டபடியே நடந்தது. நான் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்த மறு வருஷம் அத்தா போய்விட்டார். முந்தின நாள் சாயங்காலம் வரை கடையில் உட்கார்ந்திருந்தவர். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அடக்கம் செய்கிற இடத்தை அப்படித்தான் சொல்வோம். அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் வாசலில் நின்றேன். அன்றைக்கு அப்படியொரு மூடுபனி. பத்தடி போவதற்குள் தூக்கினவர்கள், பின்னால் போனவர்கள், எல்லாரும் மறைந்துவிட்டார்கள். கலிமா சொல்லிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அத்தாவை நான் கடைசியாகப் பார்த்தது என்று சொன்னால் அந்த வெள்ளைப் பனியைத்தான் சொல்ல வேண்டும்.

தம்பி ஜாபர் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். கால்சட்டையெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்தவனை உலுக்கிக் கேட்டேன். "எங்கடா வச்சீங்க? எந்தப் பக்கம்?"

"மேக்கால செவுத்தோரங்கக்கா. தலமாட்டுல ஒரு கமலாச் செடி நட்டுருக்கேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. மையவாடி ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில் ஒரு வளைவுக்குக் கீழே இருக்கிறது. தம்பி நாகலூரில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக வேலைக்குச் சேர்ந்து அங்கேயே குடியிருந்தான். அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இடப்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வேன். அந்த இடத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். வாந்தி வருகிறது என்று பொய் சொல்லியும் பிடித்திருக்கிறேன். வளைவில் பஸ் திரும்பும்போது மதில் தெரியும். மதிலுக்கு மேலே ஒரு மரத்தின் உச்சி தெரியும். ஆரஞ்சு ஜாதி இலை. சில மாதங்களில் மஞ்சளாகக் காய் கூடத் தெரியும். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சலாம் சொல்வேன். கல்யாணம், காதுகுத்து, பிரசவம் என்று வீட்டு விசேஷங்களை எல்லாம் அந்த ஒரு திருப்பத்துக்குள் அத்தாவிடம் ஒப்பித்துவிடுவேன். என் பெண் நஸ்ரின் பிறந்தபோது அவளைக் கண்ணாடியோரம் தூக்கிக் காட்டினேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாள் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து வெற்றிலைப் பெட்டியால் விசிறினார்.

அந்த நஸ்ரின் ஸ்பெயினில் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் என்னை அங்கே வரவழைத்து, "எங்கம்மா போலாம்?" என்று கேட்டாள். குர்துபா என்றேன். வேறெந்த ஊர்ப் பெயரும் எனக்குத் தெரியாது.

அந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் முற்றம். முற்றம் முழுக்க ஆரஞ்சு மரங்கள். வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் வாய்க்கால் வெட்டி, பழம் பழமாக. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து முகர்ந்தேன். "அது கசக்கும்மா, யாரும் திங்க மாட்டாங்க" என்றாள் மகள். திங்கவா எடுத்தேன்?

உள்ளே காலண்டர் படம் அப்படியே நின்றது. நடுவிலே சர்ச்சு, ஒரு மூலையில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பழைய மிஹ்ராப், இமாம் நின்று தொழவைத்த இடம். உதடு அசையாமல் அத்தாவுக்காக ஃபாத்திஹா ஓதினேன். மகள் காதில் மாட்டிவிட்ட கருவி இங்கிலீஷில் சரித்திரம் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு பியானோ கூட அதில் வரவில்லை. அத்தா இருந்திருந்தால் கழற்றி எறிந்திருப்பார்.

அப்புறம் அந்தக் கற்களைப் பார்த்தேன். தூண் செதுக்கின கொத்தர்கள் ஆளுக்கொரு குறி போட்டிருக்கிறார்கள். ஒரு கோடு, ஒரு சின்ன எழுத்து. அதைக்கூட அச்செடுத்து, விளக்குப் போட்டு, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தரையில் பார்த்தால் யாரோ ஒரு பாதிரியாரின் கல்லறை. பல நூறு வருஷத்துப் பெயர். வருகிறவன் போகிறவன் எல்லாம் குனிந்து படிக்கிறான். நானும் குனிந்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

"ஏம்மா அழற?"

"யாரோட கபரையெல்லாமோ பாத்துட்டேன்டி. எங்க அத்தாவோடத ஒருக்கா கூடப் பாக்கல."

"தாத்தாவோடதைப் பார்த்ததே இல்லையா? ஏன்?"

"பொம்பளைங்க போறதில்ல."

"யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். "யாரும் சொல்லல. யாரும் போகல. அவ்வளவுதான்."

ஊருக்குத் திரும்பியதும் தம்பி வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் இப்போது தாடி நரைத்துவிட்டது. "ஒரே ஒரு தடவை அத்தா பக்கத்துல நின்னு பாக்கோணும்டா. கூட்டிட்டுப் போ" என்றேன். அவன் வழக்கமில்லை என்றான். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றான். பாதை வழுக்கும், முழங்கால் வலியோடு இறங்க முடியாது என்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வேறு வழியில்லாமல் வந்தான்.

மையவாடிக்குள் யாரும் இல்லை. யாரும் தடுக்கவும் இல்லை. இத்தனை வருஷம் தள்ளி நின்றதற்கு, கேட்டுக்குத் தாழ்ப்பாள் கூடக் கிடையாது. நான் நேராக அந்த மரத்தைப் பார்த்து நடந்தேன். பக்கத்தில் போனதும் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினேன். அத்தாவின் கடையில் வளர்ந்தவளுக்கு அது போதும். கமலா இல்லை. நாரத்தை. மரத்தடியில் கபர் எதுவும் இல்லை. வருகிறவர்கள் கைகால் கழுவுகிற சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

"ஜாபரு, அத்தா எங்கடா?"

அவன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தச் செடி மறு வருசமே கருகிப் போச்சுங்கக்கா. அப்புறம் ஒரு ஐப்பசி மழையில மேல ரோட்டுக்கரை சரிஞ்சு, மேக்காலப் பக்கம் பூராம் மண்ணு மூடிக்கிச்சு. எடமில்லைன்னு மட்டம் பண்ணித்தான் அதுக்கப்புறம் மத்தவங்கள வச்சாங்க. எந்த எடம்னு எனக்கே தெரியாதுங்கக்கா."

"ஏன்டா சொல்லல?"

"ஊட்டுக்கு வர்றப்பெல்லாம், அத்தாவோட மரம் நல்லா காச்சிருக்குதுடான்னு சொல்லிட்டே உள்ள வருவீங்க. நான் எப்படிங்க சொல்லுவேன்?"

முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குச் சலாம் சொல்லியிருக்கிறேன். என் குழந்தையை அதற்குத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. தம்பி எழுந்து கையை நீட்டி, மேற்குப் பக்கத்துச் சரிவு முழுவதையும் காட்டினான். "இங்கதான்... இந்தப் பக்கமா இருக்கோணும்." எங்கே காலை வைத்தாலும் அத்தாவின் மேல் வைத்துவிடுவேனோ என்று பயந்து, நின்ற இடத்திலேயே நின்றேன்.

"சலாம் எங்கிருந்து சொன்னாலும் போய்ச் சேரும்னு சொல்லுவாங்கக்கா" என்றான் வரும் வழியில். சேர்ந்திருக்கட்டும். எனக்குச் சேரவில்லையே. எலிசாவின் பெயரைப் படிக்க அவளுக்கு ஒரு கல் இருக்கிறது. பெயர் கூப்பிடச் சொல்லிக் கொடுத்த மனுஷனுக்கு எந்தத் திசையைப் பார்த்துக் கூப்பிடுவது? கடை இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. காலண்டர் படம் எந்தக் குப்பையில் போயிற்றோ. அத்தா இந்த மலையில் இருந்தார் என்பதற்கு நான் கையை வைத்துக் காட்ட இப்போது ஒரு சாண் இடம் கிடையாது.

அதற்குப் பிறகும் நாகலூர் பஸ்ஸில் போகத்தான் வேண்டியிருக்கிறது. கடைசியாகப் போனபோது இடப்பக்கம் ஒரு எஸ்டேட் பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதைப் பார்த்து எழுந்துகொண்டு, "ஜன்னலோரம் வாங்கக்கா, காத்து வருமுங்க" என்றாள்.

"வேண்டாம் சாமி, நீயே உக்காரு" என்றேன்.

வளைவு வந்தது. பஸ் திரும்பியது. கை பழக்கதோஷத்தில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.