எட்டடி தாண்டிய தளவாய்

மாடத்தி யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவள். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கத்தரிக்காய் தரம் பிரிக்கிற வேலை. ஆனால் அவள் காதுபட யாராவது எட்டடி விரியன் என்று சொல்லிவிட்டால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவாள். கட்டுவிரியன் என்று சொல்லு என்பாள். கீழப்பாவூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஏன் என்றும் தெரியும்.

கடிபட்டவன் எட்டடி எடுத்து வைப்பதற்குள் விழுந்துவிடுவானாம், அதனால் அந்தப் பெயராம். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அவன் நாசமாய்ப் போக.

போன வருஷம் சாரல் காலம். மாடத்தியின் புருஷன் தளவாய் அதே சந்தையில் லோடுமேன். விடியற்காலையில் காலிச் சாக்குக் கட்டைத் தூக்கியபோது விரலில் எறும்பு கடித்தது போல் சுருக்கென்றது. கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட பாம்பு ஒன்று நழுவிப் போனதை அவனும் பக்கத்தில் நின்ற மாடத்தியும் பார்த்தார்கள். வீக்கமில்லை, வலியுமில்லை. கடைக்காரர் அஹ்சன் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தி, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்விடச் சொன்னார். மாடத்தியும் அழுது கெஞ்சினாள். தளவாய்க்கு எதையும் விளையாட்டாக்கிவிட வேண்டும்.

"ஏட்டி, அழாத. நான் நடக்கேன், நீ எண்ணு. எட்டடி தாண்டிட்டா இது அந்தப் பாம்பு இல்ல."

அவன் நடந்தான், அவள் எண்ணினாள். ஏழில் அவள் குரல் நடுங்கியது. எட்டையும் தாண்டி லாரி வரைக்கும் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆட்டோவை அனுப்பிவிட்டார்கள். வேலை முடிந்ததும் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு மூட்டை சுமக்கப் போனான்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கண் இமைகள் தொங்கின. ராத்திரித் தூக்கம் போதவில்லை என்று நினைத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பேச்சு குழறியபோதுதான் பதறித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சு நின்றுவிட்டது. இந்தப் பாம்பின் விஷம் வெளியே தெரிய நேரமாகும், கடித்ததுமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"எட்டடிக்கு மேலயே நடந்தாரே ஐயா, நாந்தானே எண்ணுனேன்."

அவரிடம் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு நின்றாள்.

இந்த ஆனியில் பக்கத்து வீட்டு முத்துச்செல்வத்தைப் பாம்பு கடித்தது. ஒன்றுமில்லை என்று எழுந்தவனை மாடத்தி ஓர் அடிகூட எடுத்து வைக்க விடவில்லை. ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்து, ஆட்களோடு சேர்ந்து தூக்கி உள்ளே கிடத்தினாள். அவன் பிழைத்து வந்தான். அவன் பெண்டாட்டி நிர்மலாதேவி பழம் வாங்கிக்கொண்டு வந்து மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாடத்தி அழவில்லை. அவனை இறக்கிவிட்டு வெளியே நின்ற ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் ஆட்டோ பக்கத்துலதான் நின்னுச்சு" என்றாள்.